மதுரையிலிருந்து ராமேஸ்வரம்: ஒரே நாளில் படகும் ஊரும், குமட்டல் இல்லாமல்

மதுரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் வைகைதான். அழகர் இறங்கும்போது பார்க்கிற தண்ணீர்தான் வருஷத்தின் பெரிய தண்ணீர். கடல் என்பது ராமேஸ்வரம் போனால் பார்ப்பது. அப்படித்தான் சில வருஷங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு ஏழு பேர் கிளம்பினோம். பரமக்குடியில் பூரி, வடை, டிகிரி காபி. பாம்பன் போய்ச் சேரவே பதினொன்றரை ஆகிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் வாடகைப் படகு ஒன்றில் தெற்குப் பக்கம் ஏறினோம். முக்கால் மணி நேரத்தில் ஏழில் ஆறு பேர் வாந்தி எடுத்தோம். என் மகன் படகின் தரையிலேயே படுத்துவிட்டான்.

அத்தைக்கு ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நடக்க வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. சாயங்காலம் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். பத்தடி நடந்துவிட்டு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, "தூணெல்லாம் ஆடுதும்மா, என்னைய வெளிய கூட்டிட்டுப் போயிரு" என்றார். அன்று எனக்கு வந்த வருத்தம் சாதாரணமானது அல்ல. அதன் பிறகு டாக்டரிடமும் பாம்பன் மீனவர்களிடமும் கேட்டுக் கேட்டு, இன்னும் இரண்டு தடவை போய்வந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கடலில் வரும் குமட்டல் படகில் தொடங்குவதில்லை. எந்த மாதம், எந்த மணி, முந்தின இரவு என்ன சாப்பாடு, எந்த இருக்கை என்று பாதி விஷயம் கரையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி படகில் ஏறுவதற்கு முந்தையதுதான்.

முதலில் மாதம், அப்புறம் கடல்

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பொதுவாக முதலாவது அமைதி, இரண்டாவது அலை. ஆனால் இதை அப்படியே நம்பிப் போய்விடக் கூடாது, காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று அது. அந்த மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், தீவு மறைவதால் வடக்குக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்று, வடகிழக்கு மழை. அப்போது நிலைமை தலைகீழ்: வடக்குக் கடல் புரளும், தெற்கு ஓரளவு தேவலை. இரண்டாவது தடவை போனபோது எங்கள் படகோட்டி அண்ணன், முதல் பயணக் கதையைக் கேட்டுவிட்டு, "ஆடி மாசத்துல யாராச்சும் தெக்குக் கடலுக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போவாகளா?" என்றார். அந்த ஒரு கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது.

என் முடிவு இது: குடும்பத்தோடு போவதென்றால் தை இரண்டாம் பாதியிலிருந்து பங்குனி வரை. காற்றும் குறைவு, வெயிலும் தாங்கும். பள்ளி விடுமுறைக்காகச் சித்திரையில் போகிறவர்கள் காலை முதல் படகில் போய்விடுங்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களைத் தவிருங்கள். அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடம் இருக்காது, சாலையிலேயே பாதி நாள் போய்விடும்.

மாதம் நன்றாக இருந்தாலும் அந்த நாள் நன்றாக இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் மூன்று விஷயங்களைப் பாருங்கள். வானிலை மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறதா? பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா? மீன்வளத் துறை அன்று படகுகளுக்கு டோக்கன் கொடுத்ததா? டோக்கன் தரவில்லை என்றால், கடலிலேயே பிழைக்கிறவர்கள்கூட அன்று கரையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நாம் போக வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், கள்ளக்கடல் (காற்றே இல்லாமல் திடீரெனக் கரையில் எழும் பெரிய அலை) எச்சரிக்கை எல்லாம் வெளியிடுகிறது, செல்போனிலேயே பார்க்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுகள் கரையில் நிற்பதைப் பார்த்துக் கடல் மோசம் என்று எண்ணிவிட வேண்டாம். அது மீன் இனப்பெருக்கத்துக்காக விடுகிற ஓய்வு.

காதுக்கும் கண்ணுக்கும் நடக்கும் சண்டை

இதைப் புரிந்துகொண்டால் மற்ற யோசனைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தானாக வரும். நம் உட்காதில் கேட்பதற்கான பகுதியை ஒட்டியே சமநிலைக்கான பகுதியும் இருக்கிறது. அரைவட்ட வடிவில் மூன்று சிறு குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் அசைந்து, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய இரண்டு சிறு பைகள், மேலே கீழே போவதையும் சாய்வதையும் சொல்லும். படகில் உட்கார்ந்து முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்தால், கண் "அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. காது "ஏறி இறங்குகிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப் போகாததால் மூளை குழம்பி, உமிழ்நீர் ஊறி, வியர்த்து, கொட்டாவி வந்து, கடைசியில் வயிறு புரட்டுகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பின் சீட்டில் வருகிற வாந்தியும் இதேதான்.

அலை பெரிதாக இருந்தால்தான் வாந்தி வரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒரு தடவை மெதுவாக ஏறி இறங்கும் அசைவுதான் மனித உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத அசைவு என்று கண்டிருக்கிறார்கள். வேகமாக ஓடும் படகைவிட, இன்ஜினை நிறுத்திவிட்டு அலையில் மிதந்துகொண்டிருக்கும் படகில் அதிகம் பேர் வாந்தி எடுப்பதும் இதனால்தான். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. ஓடும்போது சிரித்துக்கொண்டு இருந்தோம், பவளப்பாறை காட்ட நிறுத்தியபோதுதான் ஒவ்வொருவராகச் சாய்ந்தோம்.

இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். கைக்குழந்தைகளுக்கு அரிது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், கர்ப்பமாக இருந்தாலோ மாதவிடாய் நாட்களிலோ இன்னும் அதிகம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் எளிதில் மாட்டிக்கொள்வார்கள். இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. வாந்தி எடுக்கிற பிள்ளையைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

முந்தின இரவு

மதுரையில் சனிக்கிழமை ராத்திரி என்றால் பரோட்டா, சால்னா, கறிதோசை. மறுநாள் கடலுக்குப் போவதென்றால் அன்று ஒரு நாள் வேண்டாம். எண்ணெயும் மசாலாவும் வயிற்றில் மெதுவாகத்தான் இறங்கும், காலையில் படகேறும்போதும் பாதி அங்கேயே இருக்கும். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் போதும். மது அருந்தவே கூடாது. அது உட்காதின் திரவத்தையே பாதிக்கிறது, காலை வரைக்கும் அதன் வேலை நீளும். தூக்கம் குறைந்தாலும் குமட்டல் கூடும் என்பதால் ஒன்பதரைக்குப் படுத்துவிடுங்கள்.

மாத்திரையைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தப்பு செய்வது இங்கேதான். பல வீடுகளில் வாந்திக்கு என்று வைத்திருப்பது ஒண்டான்செட்ரான் மாத்திரை. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு அது நல்ல மருந்து. படகில் வரும் வாந்தியை அது அவ்வளவாக நிறுத்தாது. பயண வாந்திக்கு வேலை செய்பவை புரோமெத்தசின், சின்னரிசின், மெக்ளிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை. எதையும் டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் போடுங்கள். பிராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கக் கூடாது.

இந்த மாத்திரைகளை ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு விழுங்கினால் பயன் குறைவு, அப்போது வயிறே வேலைநிறுத்தத்தில் இருக்கும், மருந்து கீழே இறங்காது. இன்னொன்று, இவை தூக்கம் வரவழைக்கும். எவ்வளவு தூக்கம் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் இருக்கும் ஒரு நாளில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் அப்படிச் சோதித்தபோது மத்தியானம் மூன்று மணி வரை தூங்கினார். அதனால் வண்டி ஓட்டப்போவது அவர் இல்லை என்று அன்றே தீர்மானித்துவிட்டோம்.

இஞ்சிக்குக் கொஞ்சம் பலன் உண்டு. மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குள் ஏறி விற்கிற இஞ்சி மரப்பாவில் நாலு துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பது நம் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அது வாந்தியைத் தடுக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் டீசல் நாற்றத்தை மறைக்கும். அதற்காகவே நான் எடுத்துப் போகிறேன்.

பையில் வைக்க வேண்டியவை: ஆளுக்கொரு மூடியுள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா, ஈரத்துணி, ஒரு மாற்றுச் சட்டை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தண்ணீர், தொப்பி. டப்பாவைக் குறிப்பாகச் சொல்கிறேன். பாலிதீன் பை காற்றில் பறந்து கடலில் விழும். நாம் போகிற இடம் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. கடலாமைகள் பாலிதீனை இழுதுமீன் என்று நினைத்து விழுங்கிவிடும்.

மதுரையிலிருந்து பாம்பன் வரை

ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியாக வருவோம். காரில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். விடியற்காலை நாலு, நாலரைக்குக் கிளம்புங்கள். ஒன்பது மணிக்குப் படகில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும். பத்து, பதினொன்றுக்கு மேல் அலை கூடும். காலைக் கடலும் மத்தியானக் கடலும் ஒரே கடல் இல்லை.

சாலையிலேயே தலைசுற்றல் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பின் சீட்டுப் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காதீர்கள். ஏ.சி.யை விடக் கண்ணாடியை இறக்கிவைத்த காற்று நல்லது. வண்டிக்குள் வாசனைத் திரவியம் தொங்கவிட்டிருந்தால் அன்று கழற்றிவிடுங்கள். ரயிலில் போகலாம் என்றால் அது இன்னும் சுகம். பாம்பன் கடலின் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது, 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறந்த பிறகு மறுபடி ராமேஸ்வரம் வரை ஓடுகிறது. காலை ரயிலில் வந்தால் படகுக்குக் கொஞ்சம் தாமதமாகும் என்பது மட்டும்தான் குறை.

ராமநாதபுரத்தில் காலைச் சாப்பாட்டை முடியுங்கள். இரண்டு இட்லி, சட்னி, அதற்கு மேல் வேண்டாம். பலரும் வெறும் வயிற்றில் ஏறினால் வாந்தி வராது என்று நினைக்கிறார்கள். வெறும் வயிற்றில் அமிலம் சுரந்து குமட்டல் கூடத்தான் செய்யும், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களுக்கு ஆபத்தும்கூட. பால், காபி, பூரி, வடை தவிருங்கள். மாத்திரை போடுகிறவர்கள் இங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

மண்டபம் தாண்டியதும் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம். 1988இல் திறந்தது. ஓரமாகப் பழைய ரயில் பாலமும் (1914) அதன் பக்கத்தில் புதிய பாலமும் தெரியும். பழையதின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளைப் போல மேலே விரிந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு லிஃப்ட் போல அப்படியே செங்குத்தாக உயரும். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தாதீர்கள். ஆனால் மெதுவாகப் போய், இரண்டு பக்கக் கடலையும் பாருங்கள். எந்தப் பக்கம் வெள்ளை நுரை அதிகம் தெரிகிறதோ அந்தப் பக்கம் இன்று படகு வேண்டாம். பத்து நிமிஷத்தில் கிடைக்கிற நல்ல வானிலை அறிக்கை அதுதான்.

குந்துகாலில்

பாம்பனிலிருந்து தெற்கே திரும்பினால் குந்துகால். இங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை சூழல் சுற்றுலாவாகப் படகு விடுகிறது. முதல் தடவை கடல் பார்க்கும் குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். தூரம் குறைவு, லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள், தீவில் இறங்கி நடக்கலாம் என்பதால் வயிற்றுக்கு நடுவில் ஓய்வு கிடைக்கும். கடல் சரியில்லாத நாளில் படகை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள், நிறுத்திவிட்டார்கள் என்றால் வற்புறுத்தாதீர்கள், வேறு தனியார் படகைத் தேடியும் போகாதீர்கள். நாங்கள் முதல் தடவை செய்தது அதுதான்.

காத்திருக்கும் நேரத்தில் விவேகானந்தர் நினைவு மண்டபத்தில் உட்காரலாம். 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து கப்பலில் வந்த விவேகானந்தர் இங்கேதான் கரை இறங்கினார், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். படகில் வர முடியாதவர்களை விட்டுப் போகவும் இது நல்ல இடம். கர்ப்பிணிகள், காதில் சீழ் உள்ளவர்கள், அடிக்கடி தலைசுற்றி விழுபவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் இங்கேயே இருந்துவிடட்டும். தீவைப் பார்க்காமல் போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

படகில் எங்கே உட்காருவது, எதைப் பார்ப்பது

நடுப்பகுதிதான். ஊஞ்சல் பலகையை நினைத்துப் பாருங்கள், ஓரத்தில் ஏறி இறங்குகிற அளவு நடுவில் இல்லை. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்தால் காற்றும் போட்டோவும் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே தூக்கிப் போடும். பின்னால் உட்கார்ந்தால் இன்ஜின் அதிர்வும் டீசல் புகையும். வரிசையில் முதலில் நிற்பதற்குக் காரணம் இதுதான், நடு இருக்கை கிடைக்கும்.

முகம் படகு போகும் திசையில் இருக்கட்டும். கண் தொடுவானத்தில் அல்லது கரையில் தெரியும் பனைமரங்களில் நிற்கட்டும். தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்தால், படகுதான் ஆடுகிறது என்று கண்ணும் ஒத்துக்கொள்ளும், காதோடு சண்டை தீரும். தலையைச் சட்டென்று திருப்பாதீர்கள். அலைக்கு எதிராக உடம்பை விறைப்பாக வைக்காமல் இடுப்பிலிருந்து லேசாக ஆடவிடுங்கள்.

கண்ணாடி அடித்தளப் படகு என்றால் தனி எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகள் உண்டு. தெளிந்த நாளில் அவற்றைப் பார்ப்பது அழகுதான், ஆனால் குனிந்து, நிறுத்திய படகில், அசைகிற தண்ணீரைப் பார்ப்பதைப் போலக் குமட்டலுக்கு வழிவிடுவது வேறு இல்லை. பத்து நொடி பாருங்கள், தலையைத் தூக்கி இருபது நொடி தொடுவானத்தைப் பாருங்கள், மறுபடி குனியுங்கள். பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவைத்து, வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. போனில் வீடியோ எடுப்பதும் குனிந்து பார்ப்பதற்குச் சமம்தான். ஒருவர் மட்டும் எடுக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட்டை வெயில் என்று தளர்த்தாதீர்கள். யாருக்காவது வாந்தி வந்தால் எல்லாரும் அந்தப் பக்கம் எழுந்து போகாதீர்கள். டால்பின் தெரிந்தாலும் அப்படித்தான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. தேனி, மதுரைப் பக்கம் அந்தச் செய்தியைக் கேட்டு அழாத வீடு குறைவு.

தீவில் சங்கோ பவளத் துண்டோ எடுக்காதீர்கள். செத்த பவளமாக இருந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

வந்தே விட்டால்

கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, பேச்சு குறைவது. வாந்திக்கு முன் இந்த அறிகுறிகள் வரும், கலகலவென்று பேசிய பிள்ளை திடீரென்று அமைதியானால் கவனியுங்கள். இந்த நேரத்தில் செய்தால்தான் பலன். தொடுவானத்தைப் பார்க்க வையுங்கள், மூச்சை மெதுவாக ஆழமாக விடச் சொல்லுங்கள், கழுத்தில் ஈரத்துணி வையுங்கள், இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளட்டும். தொடுவானம் பார்க்கவே முடியவில்லை என்றால் இரண்டாவது வழி, கண்ணை மூடி, தலையை அசைக்காமல் சாய்ந்து படுப்பது. கண் திறந்து பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதுதான் கெடுதல்.

மீறி வந்துவிட்டால் டப்பாவில் எடுக்க விடுங்கள். படகோரம் எட்டிக் குனிய விடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் காற்று போகிற பக்கம், ஒருவர் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள. எதிர்க்காற்றில் எடுத்தால் பின்னால் இருப்பவர் மேல்தான் விழும், அப்புறம் அந்த நாற்றத்தில் அடுத்தவருக்கும் வரும். வாயைக் கொப்பளித்து, ஒரு மடக்கு தண்ணீர் மட்டும். பெரும்பாலும் வாந்தி எடுத்தவுடன் கொஞ்சம் தெளியும்.

கரை இறங்கிய பிறகு

இறங்கியதும் அரை மணி நேரம் நிழலில் உட்காருங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலோ இளநீரோ நீர்மோரோ சிறிது சிறிதாகக் குடிக்கலாம். உடனே மீன் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டாம், வாந்தி எடுத்தவர்களுக்கு முதலில் ரொட்டி, வாழைப்பழம், ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாதம். தரையில் நின்றாலும் ஆடுவதுபோல இருக்கும். மூளை படகுக்குப் பழகிக்கொண்டு இன்னும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அத்தைக்குத் தூண்கள் ஆடியதும் அதுதான். சில மணி நேரத்தில் போய்விடும். இரண்டு மூன்று நாளாகியும் போகாவிட்டாலோ, காது கேட்பது குறைந்தாலோ, வாந்தி நிற்காமல் சிறுநீர் குறைந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

மீதி நாளை எப்படிப் பிரிப்பது

படகை முதலில் வைத்ததன் பலன் இங்கே தெரியும். பதினொன்றுக்குள் கடல் முடிந்துவிடும், மயக்கம் தெளிய மத்தியானம் முழுக்க இருக்கிறது, கோயிலுக்குச் சாயங்காலம் தெளிந்த தலையோடு போகலாம்.

ராமேஸ்வரம் போகிற வழியில் தங்கச்சிமடத்துக்கு அடுத்துப் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், 2017 ஜூலை 27இல் திறந்தது. உள்ளே நிழல், உட்கார இடம் உண்டு. படகால் களைத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அடுத்த இடம் இல்லை. தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தமும் இருக்கிறது. கடலுக்குள் சிறு பாலத்தில் நடந்து போய், நடுவில் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர் குடிக்கலாம். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் தண்ணீர் பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும், படகேறாத பாட்டிமாருக்கு அதுவே கடல் தரிசனம்.

கோயில் மத்தியானம் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு, இரண்டரை வாக்கில் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர். சாயங்காலத்துக்கு மேல் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அழிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் இன்றும் இடிபாடாக நிற்கின்றன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை அந்த இரவு கடல் கொண்டுபோனது. அங்கே சத்தம் போட்டுப் போட்டோ எடுக்க எனக்கு மனசு வரவில்லை. முனையில் கிழக்கு நோக்கி நின்றால் இடப்பக்கம் ஒரு கடல், வலப்பக்கம் ஒரு கடல். இரண்டின் குணமும் வேறு என்பது அங்கே நின்றால் ஒரு நொடியில் புரியும். குளிக்க மட்டும் இறங்காதீர்கள், இழுவை அதிகம்.

ஐந்து மணிக்குக் கோயில். 22 தீர்த்தமும் ஆடுவது உங்கள் நோக்கம் என்றால், இந்தப் படகு நாளோடு அதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அக்னி தீர்த்தத்தில் தொடங்கி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உடை மாற்றிச் சாமி கும்பிடுவதற்கு ஒரு முழுக் காலைப் பொழுது வேண்டும். அதற்கு முந்தின இரவே வந்து தங்குங்கள், படகை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரிசனம் மட்டும் என்றால் சாயங்காலம் தாராளம். மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள். ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால் தூண்கள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிவிடும். காலையில் கடலில் தலை சுற்றியவருக்கு அந்த நீள வரிசை மறுபடி கிறுகிறுப்பைத் தரலாம், அப்படியானால் தரையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து மெதுவாக நடந்தால் சரியாகிவிடும்.

போன மாசியில் மறுபடி போனோம். நாலரைக்குக் கிளம்பி, ஒன்பதுக்குப் படகில் நடு வரிசையில் உட்கார்ந்தோம். மகனுக்கு மட்டும் லேசாகக் குமட்டியது, வாந்தி இல்லை. அத்தை குந்துகால் மண்டபத்திலேயே இருந்துகொண்டார், அது அவரே எடுத்த முடிவு. சாயங்காலம் பிரகாரம் முழுவதையும் யார் கையையும் பிடிக்காமல் சுற்றி வந்தார்.

திரும்பும் வழி

எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மாத்திரை போட்டவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, சாயங்காலம் தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் கூடாது. காலை நாலு மணிக்கு எழுந்து ஓட்டியவரே இரவும் ஓட்டுவது ஆபத்து. மாற்று ஆள் இல்லை என்றால் வாடகைக்கு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் அல்லது பஸ்ஸில் வாருங்கள், ராமேஸ்வரத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு இரவிலும் பஸ் உண்டு. பரமக்குடியில் ஒரு டீக்கு நிறுத்துங்கள். காலையில் தவிர்த்த வடையை அங்கே சாப்பிடலாம்.